ஃப்ரீபேசிக் அரேயும் சி நூலகமும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கும் நிலையம் ஒன்றின் எடைக் கணக்கு நிரலைப் பல வருடங்களாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நிரல் ஃப்ரீபேசிக் என்ற பேசிக் வகை நிரல்மொழியில் இருக்கிறது. வரிசைப்படுத்த சி மொழியின் கியூசார்ட் என்ற ஃபங்ஷன், சராசரிக்கும் திட்ட விலக்கத்துக்கும் சி-க்கான குனூ அறிவியல் நூலகம். ஃப்ரீபேசிக்கில் வரிசைப்படுத்தத் தனிக் கட்டளை கிடையாது. அதை நாமே எழுதுவதைவிட, உலகமே சோதித்துப் பார்த்த சி ஃபங்ஷனைக் கூப்பிடுவது மேல். இந்த ஏற்பாட்டை யாருக்கும் தைரியமாகச் சொல்வேன்.

ஒன்று மட்டும் பிடிபட வேண்டும். பேசிக் அரே (ஒரே பெயரில் பல மதிப்புகளை வைக்கும் பட்டியல்) வெறும் எண் வரிசை இல்லை. எத்தனை பரிமாணம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற விவரச் சீட்டும் அதோடு இருக்கும். சி-க்கு அந்தச் சீட்டு வேண்டாம். முதல் எண்ணின் முகவரியும் மொத்த எண்ணிக்கையும் போதும். ஆகவே எடை என்ற அரேயை அனுப்பும்போது எடை() என்று கொடுக்காமல் @எடை(0) என்று கொடுக்கிறோம்; @ என்றால் முகவரி. அரே 1-இல் தொடங்கினால் @எடை(1). எண்ணிக்கைக்கு, யூபவுண்டிலிருந்து (கடைசி இட எண்) எல்பவுண்டைக் (முதல் இட எண்) கழித்து 1 கூட்ட வேண்டும். டிம் எடை(10) என்று அரேயை அறிவித்தால் இடம் 11, பத்து அல்ல. கூடுதலாகச் சொன்னால் சி தடுக்காது, பக்கத்து நினைவகத்திலும் கை வைத்துவிடும். கம்பைலரின் எல்லைச் சோதனை பேசிக் பக்கத்தோடு நின்றுவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இரு பரிமாண அரே. 200 தோட்டக்காரர், 31 நாள் என்று எடை(199, 30) வைத்திருக்கிறேன். ஃப்ரீபேசிக் இதை வரி வரியாக அடுக்குகிறது, சி-யும் அப்படித்தான். ஒருவருடைய மாதம் முழுவதும் அடுத்தடுத்து இருக்கும். ஆனால் நிலையத்தின் கிராணி (எழுத்தர்) கேட்பது வேறு: "தம்பி, இன்னிக்கு எல்லாருக்கும் சேர்த்து சராசரி என்ன?" அறிவியல் நூலகத்தின் சராசரி ஃபங்ஷனில், எத்தனை இடம் தாண்டித் தாண்டிப் படிக்க வேண்டும் என்று சொல்லவும் ஒரு இடம் உண்டு. @எடை(0, நாள்), தாண்டல் 31, எண்ணிக்கை 200. அவ்வளவுதான்! எதையும் நகலெடுக்காமலே அந்த நாளின் பத்தி கிடைத்துவிடுகிறது. பழைய குவிக்பேசிக்கில் அடுக்கு இயல்பாகவே தலைகீழ். அங்கிருந்து வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம், 64 பிட். ஃப்ரீபேசிக்கின் முழு எண் வகையான இன்டிஜர் 32 பிட் கம்பைலரில் 4 பைட், 64 பிட்டில் 8 பைட். சி-யின் முழு எண் வகையான இன்ட் விண்டோஸிலும் லினக்ஸிலும் 4 பைட்டிலேயே நிற்கிறது. இன்ட் கேட்கும் ஃபங்ஷனுக்குப் போகும் அரேயை லாங் (ஃப்ரீபேசிக்கில் எப்போதும் 4 பைட்) என்று அறிவித்தால் சரி. தசம எண்ணுக்கான டபுளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. கியூசார்ட்டுக்குக் கொடுக்கும் ஒப்பீட்டு ஃபங்ஷனில் சிடெக்ல் (சி-யின் அழைப்பு முறையைக் குறிக்கும் சொல்) போட்டுவிடுங்கள். 32 பிட் விண்டோஸில் அது இல்லாமல் ஆகாது.

ரீடிம் பிரிசர்வ் செய்தால், அதாவது உள்ளதை வைத்துக்கொண்டே அளவை மாற்றினால், அரே வேறு இடத்துக்குப் போகலாம். முகவரியை எடுத்து வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாகக் கொடுப்பதே பாதுகாப்பு.

எனக்குக் குறையாகப் படுவது ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) அரே மட்டும்தான். ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் தனிச் சீட்டு இருப்பதால் அப்படியே அனுப்ப முடியாது. ஸ்ட்ரிங்-பாயிண்டர்களை (எழுத்துகள் இருக்கும் முகவரிகளை) தனி அரேயாகக் கட்டி அனுப்ப வேண்டும். தோட்டக்காரர் பெயர்களை நான் சி பக்கம் அனுப்புவதே இல்லை, வரிசை எண் மட்டும் போகிறது.