இசைத்தட்டுக் குவியலுக்குள்ளிருந்து ஒரு முதல் ஆல்பம்: டிஜே ஷேடோவின் 'எண்ட்ரடியூசிங்'

ஆல்பத்தின் இரண்டாவது டிராக்கில் ஒரு சிறிய பியானோ மெட்டு தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் ஒரு கூட்டுக்குரல் மெல்ல எழுகிறது. ஏதோ ஒரு பழைய பேட்டியில் டிரம்ஸ் கலைஞர் ஒருவர் தம் வாசிப்பைப் பற்றிப் பேசும் குரல் இடையே வருகிறது. பிறகுதான் டிரம்ஸ் இறங்குகிறது. அதுவரை தொடர்பில்லாமல் கிடந்தவை அனைத்தும் அந்த முதல் அடியில் ஒரே அறைக்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன. பலமுறை கேட்ட பின்னும் அந்த நொடிக்காக என் காது காத்திருக்கிறது.

டிஜே ஷேடோ என்ற பெயரில் இயங்கும் ஜாஷ் டேவிஸ், கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் வளர்ந்தவர். ஜேம்ஸ் லவெல் தொடங்கிய மோ வாக்ஸ் நிறுவனம் இந்த ஆல்பத்தை 1996 செப்டம்பரில் பிரிட்டனில் வெளியிட்டபோது அவருக்கு வயது 24; அமெரிக்காவில் அது அதே ஆண்டு நவம்பரில் வந்தது. ராப் பாடுபவரை நடுவில் நிறுத்தாமல் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேல் ஓடும் இந்த ஹிப் ஹாப் ஆல்பத்தை, முழுக்க சாம்பிள்களாலேயே, அதாவது பிறருடைய பதிவுகளிலிருந்து வெட்டியெடுத்த ஒலித்துண்டுகளாலேயே, உருவான முதல் ஆல்பம் என்று கின்னஸ் நிறுவனம் 2001-இல் அங்கீகரித்தது. ஆனால் அந்தச் சாதனையை மட்டும் எண்ணி இதைக் கேட்கத் தொடங்குபவர்கள் ஏமாந்துபோகலாம். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்ற கணக்கு சில நிமிடங்களில் மறந்துபோய், சோகம் கவிந்த ஒரு நீண்ட இரவுக்குள் நடந்துகொண்டிருக்கும் உணர்வே எஞ்சுகிறது.

அவர் பயன்படுத்திய கருவிகள் மிகச் சில: ஒலித்துண்டுகளைப் பதிந்து விரலால் வாசிக்க உதவும் அகாய் எம்பிசி60 சாம்ப்ளர், இசைத்தட்டைச் சுழற்றும் டெக்னிக்ஸ் டர்ன்டேபிள், வீடியோ கேசட்டில் எட்டுத் தடங்களைப் பதியும் அலெசிஸ் அடாட் ரெக்கார்டர். எம்பிசி60-இல் விரலால் தட்டுவதற்கு 16 பட்டன்கள் இருக்கும். அதன் நினைவகத்தில் ஒரே நேரத்தில் அரை நிமிடத்துக்கும் குறைவான ஒலியைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அந்த நெருக்கடியே இந்த ஆல்பத்தின் இலக்கணத்தைத் தீர்மானித்ததாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு பழைய இசைத்தட்டின் நான்கு அடிகளை அப்படியே எடுத்துச் சுழலவிடுவது எளிது. டேவிஸ் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. டிரம்ஸின் ஒவ்வோர் அடியையும் தனித்தனியாக வெட்டிப் பட்டன்களில் பரப்பி, முன்பு யாரும் வாசித்திராத ஒரு வாசிப்பை விரல்களால் கட்டி எழுப்புகிறார். சாம்ப்ளர் ஒலியைக் குறைந்த துல்லியத்தில் பதியும் 12 பிட் கருவி என்பதால் ஒலியில் ஒரு சொரசொரப்பு படிகிறது. இசைத்தட்டின் கரகரப்பும் அதோடு கலக்கும்போது டிரம்ஸுக்கு மண்பாண்டத்தைத் தட்டுவது போன்ற கனம் கிடைக்கிறது.

1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் செய்ததை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். டிரம்ஸ் மட்டும் தனித்து ஒலிக்கும் 'பிரேக்' என்ற பகுதியை, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளைக் கொண்டு நீட்டி, அவர் கூட்டத்தை ஆடவைத்தார். ஹிப் ஹாப் பிறந்ததே டிரம்ஸை உற்றுக் கேட்ட ஒருவரின் காதிலிருந்துதான். ராப் அந்த வீட்டின் முன்வாசலுக்கு வந்தது பின்னர். 'எண்ட்ரடியூசிங்' அந்தப் பழைய அறைக்கே திரும்பிச் செல்கிறது. சேக்ரமெண்டோவில் இருந்த ரேர் ரெக்கார்ட்ஸ் என்ற கடையில் எடுத்த அதன் அட்டைப்படத்தில்கூட, இசைத்தட்டு வரிசைகளுக்கு நடுவே நின்று தேடுபவர்களைத்தான் காண்கிறோம்.

'மிட்நைட் இன் எ பெர்ஃபெக்ட் வேர்ல்ட்' இந்த ஆல்பத்தின் உச்சம் என்பது என் உறுதியான கருத்து. இசையமைப்பாளர் டேவிட் ஆக்செல்ராட் 1969-இல் வெளியிட்ட பதிவின் பியானோவும், பின்லாந்தின் பெக்கா பொஹ்யோலா, அமெரிக்காவின் மெரிடித் மாங்க் ஆகியோரின் பதிவுகளிலிருந்து எடுத்த துணுக்குகளும் அதில் இணைகின்றன. ஒருவரையொருவர் அறியாமல் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு நோக்கங்களுடன் வாசித்தவர்கள் இவர்கள். ஆனாலும் ஒரே துயரத்தைப் பகிர்ந்துகொள்ள வந்தவர்களைப் போலவே ஒலிக்கிறார்கள். டிரம்ஸ் இடையிடையே தடுமாறுவது போல நின்று மீண்டும் தொடங்குகிறது. சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தொண்டை அடைக்கும் ஒருவரின் பேச்சு அது. சொற்கள் இருந்திருந்தால் இந்தப் பாடல் இவ்வளவு தூரம் சென்றிருக்காது.

'ஸ்டெம்/லாங் ஸ்டெம்' அமைதியான தந்தி இசையை டிரம்ஸின் திடீர் வெடிப்புகளால் மீண்டும் மீண்டும் கிழிக்கிறது. முதல் முறை கேட்கும்போது ஒலி அளவைச் சற்றுக் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது. இத்தாலிய இசையமைப்பாளர் ஜார்ஜியோ மொரோடரின் பழைய பதிவொன்றின் கீபோர்டைத் துண்டாடும் 'ஆர்கன் டோனர்' இரண்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிடுவது உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. 2005-இல் வந்த டீலக்ஸ் பதிப்பின் இரண்டாவது தட்டில் அதன் நீண்ட வடிவம் இருக்கிறது. அதற்காகவே அந்தப் பதிப்பை வாங்கலாம்.

குறைகளும் உண்டு. 'தி நம்பர் சாங்' கைத்திறனைக் காட்டும் பயிற்சியாகவே நின்றுவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள டிராக்குகளின் ஆழம் அதில் இல்லை. மூன்று முறை குறுக்கிடும் 'டிரான்ஸ்மிஷன்' துணுக்குகள் முதல் கேட்பில் மர்மத்தைக் கூட்டினாலும், ஆல்பம் பழகிய பிறகு இசையின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. ஹிப் ஹாப் ஏன் கெட்டுப்போனது என்ற கேள்விக்குப் பணமே காரணம் என்று பதிலளிக்கும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான டிராக்கின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் ஆல்பம் முழுவதும் செயலால் சொல்லிவிட்டதை மறுபடி வாயால் சொல்வதாகவே அது எனக்குப் படுகிறது.

இதைத் துண்டு துண்டாக, வேறு வேலைகளுக்கிடையே கேட்க வேண்டாம். நல்ல ஹெட்போனும் இடையூறில்லாத ஒரு மணி நேரமும் தேவை. 'நேபாம் பிரெய்ன்/ஸ்கேட்டர் பிரெய்ன்' ஒன்பது நிமிடங்களில் தன் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, டிரம்ஸ் மூச்சு வாங்கும் நிலைக்குப் போய்ச் சேர்வதும், அடுத்து வரும் டிராக்கில் ஒரு சாக்ஸஃபோன் அந்தக் களைப்பை மெதுவாக ஆற்றுவதும், முன்னால் வந்தவை அனைத்தையும் கடந்து வந்த காதுக்கே முழுமையாகக் கிடைக்கும்.