நாயா, பூனையா, காக்கையா? கடல் கடந்து துப்பறிய யாரை அனுப்பலாம்

சிறுவர் மர்மக் கதைக்கு நாய், பூனை, காக்கை மூன்றுமே கைகொடுக்கும். ஆனால் கதை வெளிநாட்டுக்குப் போகிறது என்றால் மூன்றும் மூன்று விதமாகக் காலை வாரும். விலங்கின் திறமையைவிட, அதால் முடியாதது எது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

நாயின் சிக்கல் அதன் மூக்கு. மனிதர் மூக்கில் மோப்ப உணரிகள் 60 லட்சம் அளவில்தான். நாய்க்கு 30 கோடி வரை உண்டு. கதவுக் கைப்பிடியை ஒருமுறை மோந்தாலே திருடன் யாரென்று தெரிந்துவிடும், இரண்டாம் பக்கத்தில் கதை முடிந்துவிடும். மழை பெய்து வாசனை போய்விட்டது என்று பலர் சமாளிக்கிறார்கள். லேசான ஈரம் மோப்பத்துக்கு உதவவே செய்யும். நாய் வளர்க்கும் சிறுவன் படித்தால் சிரிப்பான். திருடனை டாக்ஸியில் ஏற்றிவிடுங்கள், தடம் சாலையோரத்திலேயே அறுந்துபோகும். இன்னொரு பிடி, நிறம். நீலமும் மஞ்சளும் நாய்க்குத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய வராது. 'சிவப்புத் தொப்பிக்காரனைப் பார்த்தேன்' என்று நாய் சாட்சி சொன்னால் அது எழுதியவரின் பிழை. அதையே பச்சைத் தொப்பிக்காரன்மேல் வீண்பழி விழும் திருப்பமாக மாற்றினால் அருமையான அத்தியாயம் கிடைக்கும்.

பயணத்தில் நாய் இன்னும் திண்டாடும். பெரிய நாய் விமானத்தின் சரக்குப் பகுதியில்தான் போகும். மேலே பயணிகளிடையே நடக்கும் திருட்டு அதன் கண்ணில் படாது. பக் போன்ற சப்பை மூக்கு இனங்களை, மூச்சுத்திணறலுக்குப் பயந்து, பல விமான நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை. பிரிட்டனுக்குள் நுழைய, பெரும்பாலான நாடுகளிலிருந்து வரும் நாய்க்கு 24 முதல் 120 மணி நேரம் முன்பு நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். பூனைக்கு இந்த விதி கிடையாது. இருவரும் கூட்டாளிகள் என்றால் நாய் சிக்கிக்கொள்ள, பூனை லண்டனில் தனியாக இறங்கும். இவ்வளவு இயல்பான பிரிவை வலிந்து யோசித்தாலும் உருவாக்க முடியாது!

ஜப்பான் இருவருக்குமே கடினம். ரேபிஸ் இல்லாத இடமென்று ஜப்பான் ஏற்காத நாட்டிலிருந்து போனால் மைக்ரோசிப் (தோலுக்கடியில் செலுத்தும் அடையாள எண் கொண்ட சில்லு), இரண்டு தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, அதன்பின் 180 நாள் காத்திருப்பு. 'நகை இன்று காணோம், நாளை டோக்கியோ' என்பது நடக்காது. காத்திருப்பு முன்பே முடிந்து, சுற்றுலாவாகப் போன இடத்தில் குற்றம் நடப்பதாக அமைத்துக்கொள்ளலாம்.

எங்கள் தேர்வு பூனை. கூடை சிறியதாக இருந்தால் பல விமானங்களில் இருக்கைக்கு அடியிலேயே போகலாம். நமக்குத் தேவையான வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு அதற்குப் போதும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது மங்கலாகத்தான் தெரியும், மீசையால் தடவித்தான் அறியும். காலடியில் கிடக்கும் கடிதத்தை அது படித்ததாக எழுதாதீர்கள். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது என்பதும் நல்ல சரக்கு. சர்க்கரைப் பாகில் ஊறிய பலகாரம் காணாமல் போய், பழி உள்ளூர்ப் பூனைமேல் விழுந்தால், நம் பூனை இதை வைத்தே வாதாடலாம். பலகாரத்தில் வெண்ணெய் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்: கொழுப்புக்காகத் தின்றிருக்கும் என்று எதிர்த்தரப்பு மடக்கிவிடும்.

காக்கைக்கு பாஸ்போர்ட்டும் வேண்டாம், தடுப்பூசியும் வேண்டாம். அதனாலேயே பயணம் சப்பென்று போய்விடும். அது முகங்களை மறப்பதில்லை. 2006-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் முகமூடி அணிந்து காக்கைகளைப் பிடித்து விட்டபின், அந்த முகமூடியைக் கண்டாலே அவை ஆண்டுக்கணக்கில் கத்தித் துரத்தின. ஆகவே குற்றத்தை இரவில் நடத்துங்கள், காக்கை கூடடைந்த பிறகு. துணைப் பாத்திரமாக வைத்தால் போதும்.

தடயத்துக்கு மைக்ரோசிப்பை விடச் சிறந்தது இல்லை. கழுத்துப்பட்டையைத் திருடன் கழற்றலாம், தோலுக்கடியில் இருக்கும் சிப்பை எளிதில் எடுக்க முடியாது. அதில் 15 இலக்கம். முதல் மூன்று 250 என்றால் பிரான்ஸ், 392 என்றால் ஜப்பான். பாரிஸ் பூனை என்று விற்கப்படும் குட்டியின் எண் 392 என்று தொடங்கினால் கதை அங்கே சூடுபிடிக்கும். ஒன்று மட்டும் கவனம்: 9-இல் தொடங்கும் எண்கள் பொதுவாகத் தயாரிப்பாளரின் குறியீடு, நாட்டைக் காட்டாது. அந்த எண்ணைப் பொய்த்தடயமாக மூன்றாம் அத்தியாயத்தில் போட்டுவையுங்கள்.