கார் ஒர்க்‌ஷாப் மேனுவல் என்று சொல்லி 1,850 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள், உஷார்

சொந்தமாகக் கார் வேலை பார்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். "ஒரிஜினல் ஒர்க்‌ஷாப் மேனுவல், பிடிஎஃப்" என்று சொல்லி என்னிடம் 1,850 ரூபாயை வாங்கிக்கொண்டு ஒருவன் கம்பி நீட்டிவிட்டான். கை இன்னும் நடுங்குகிறது.

என் வண்டி ஆல்ட்டோ 800. 796 சிசி, மூன்று சிலிண்டர். ஆயில், ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் பேட் எல்லாம் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடுவேன். அடுத்த வேலை டைமிங் பெல்ட், அதாவது கிராங்க் சுற்றுவதைக் கேமுக்குக் கொண்டுபோய் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பல் வைத்த பெல்ட். அதைக் குத்துமதிப்பாகச் செய்ய முடியாது. கேம் புல்லியின் குறியும் கிராங்க் குறியும் சரியாக நிற்க வேண்டும், ஒரு பல் தள்ளிப்போனாலும் டைமிங் போச்சு. எந்த போல்ட்டை எவ்வளவு டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்குவது என்பதெல்லாம் ஒர்க்‌ஷாப் மேனுவலில்தான் இருக்கும். வண்டியோடு தரும் ஓனர்ஸ் மேனுவலில் டயர் காற்று, ஃபியூஸ், ஆயில் கிரேடு, அவ்வளவுதான்.

பழைய பொருள் விற்கும் ஒரு ஆப்பில் விளம்பரத்தைப் பார்த்தேன். மாதிரிப் பக்கம் கேட்டதும் மறுபேச்சில்லாமல் நாலு பக்கம் அனுப்பினான். ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) போல்ட்டுகளை இறுக்கும் வரிசைக்கு எண் போட்ட படம், கம்பி நிறத்தோடு வயரிங் படம். "அண்ணா, நானும் மெக்கானிக்தான். ஹெட்டைக் கழட்டுனா அந்த வரிசைப்படி இறுக்கலைன்னா கேஸ்கெட் நிக்காது, உங்களுக்கே தெரியும்" என்றான். வேலை தெரிந்தவன் பேச்சு அது. அந்தப் பேச்சுக்குத்தான் 1,850 ரூபாயை அனுப்பினேன்.

வந்த பைலைத் திறந்தால் சீட் பெல்ட் போடுவது எப்படி, குழந்தையை எங்கே உட்கார வைப்பது! அதே ஓனர்ஸ் மேனுவல். கம்பெனி இணையதளத்திலேயே காசில்லாமல் கிடைப்பது. அந்த நாலு பக்கத்தைக் கடைசியில் ஒட்டியிருக்கிறான். கூடவே டைமிங் பற்றி ஒரு பக்கம். அதில் இருப்பது செயின்! என் வண்டியில் இருப்பது பெல்ட்; செயின் என்றால் அது ஆல்ட்டோ கே10-இன் எஞ்சின். அதுவும் மூன்று சிலிண்டர்தான், ஹெட் படத்தை மட்டும் பார்த்தால் யாருக்குத் தெரியும்?

கேட்டால், "வேற போன்ல ஓப்பன் பண்ணிப் பாருங்கண்ணா." அப்புறம், "ஊர்ல இருக்கேன், திங்கட்கிழமை அனுப்புறேன்." அப்புறம், "பிடிஎஃப்புக்கெல்லாம் ரீஃபண்ட் கிடையாது." அதோடு பிளாக். ஆப்காரர்களிடம் புகார் கொடுத்தால், பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டுகிறார்கள். விளம்பரத்தை மட்டும் எடுக்கவில்லை. 1,850 ரூபாய் அவர்களுக்குச் சில்லறை போல.

விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. மாதிரிப் பக்கத்தை நம்பாதீர்கள், பொருளடக்கம் முழுவதையும் கேளுங்கள். உங்கள் எஞ்சினின் குறியீடு (கோட்) அதில் இருக்கிறதா பாருங்கள். ஆப்புக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், தாமதித்தால் பணத்தை நிறுத்துவது கஷ்டம். அந்த ஆள் இன்னும் அதே நாலு பக்கத்தைக் காட்டித்தான் விற்றுக்கொண்டிருக்கிறான்.