கேம் பாஸ்: 10 டாலரிலிருந்து 30 டாலர் வரை

மாதம் ஒரு தொகை கட்டினால் பல கேம்களை ஆடவிடும் மைக்ரோசாஃப்டின் சந்தா, எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ், 2017 ஜூன் 1 அன்று வந்தது. இங்கே அமெரிக்காவில் அப்போது மாதம் 9.99 டாலர், நூறு கேம்களுக்கு மேல். நடுநடுவே விட்டிருந்தாலும் அப்போதிலிருந்தே சந்தா கட்டிவருகிறேன். 'எடுக்கலாமா?' என்று யார் கேட்டாலும் முன்பெல்லாம் யோசிக்காமல் 'எடு' என்பேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

முதல் வருடம் பெரும்பாலும் பழைய கேம்கள்தான். 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் சொந்த கேம்களை வெளியாகும் நாளிலேயே சந்தாவில் தருவதாக அறிவித்தது. மார்ச்சில் சீ ஆஃப் தீவ்ஸ் அப்படியே வந்தது. 60 டாலர் கேம் 10 டாலருக்கு! 2019ல் ஆன்லைன் ஆட்டத்துக்கான கோல்டு சந்தாவையும் சேர்த்து அல்டிமேட், 14.99 டாலர். கையிருப்பில் இருந்த கோல்டு மாதங்களை, மூன்று வருடம் வரை, ஒரே டாலரில் அல்டிமேட்டாக மாற்றிக்கொள்ள விட்டார்கள். என் பார்வையில் அது ஆள் சேர்ப்பதற்கென்றே வைத்த விலை. ஆட்களும் சேர்ந்தார்கள்: 2020 ஏப்ரலில் 1 கோடி, 2022 ஜனவரியில் 2.5 கோடி.

எனக்குக் கிடைத்த பெரிய லாபம் சின்ன கேம்கள். 2021ல் வந்த அன்பேக்கிங்கைக் காசு கொடுத்து வாங்கியிருக்கவே மாட்டேன். வீடு மாறும் ஒரு பெண்ணின் பெட்டிகளைப் பிரித்து அடுக்க வேண்டும், அவ்வளவுதான். காதலனின் வீட்டுக்குப் போகும் கட்டத்தில் அவள் பட்டச் சான்றிதழை மாட்டச் சுவரில் இடமே இருக்காது. கடைசியில் கட்டிலுக்கு அடியில்தான் தள்ள வேண்டும். கேம் பக்கமே வராத என் அக்கா, 'இவனை விட்டுட்டு வாடி' என்று டிவியைப் பார்த்துத் திட்டினாள்.

ஆனால் எதுவும் நிரந்தரமில்லை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கதையை முடிக்கவே 50 மணி நேரம் ஆகும். 2020 மே மாதம் சந்தாவில் வந்து செப்டம்பரில் அதிலிருந்து போய்விட்டது. வேலைக்குப் போகிறவர் நாலு மாதத்தில் முடிப்பது சிரமம்.

இதற்கிடையில் மைக்ரோசாஃப்ட் ஸெனிமேக்ஸ் என்ற கேம் நிறுவனத்தை 750 கோடி டாலருக்கு வாங்கியது. 2023 அக்டோபரில் ஆக்டிவிஷன் பிளிஸார்டு, 6,870 கோடி. அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டும் நிற்கவில்லை. அல்டிமேட் விலை 2023ல் 16.99, 2024ல் 19.99, 2025 அக்டோபரில் ஒரேயடியாக 29.99. 2024ல் வந்த ஸ்டாண்டர்டு சந்தாவில் முதல் நாள் வெளியீடுகள் இருக்கவில்லை. எதற்காகச் சேர்ந்தோமோ அதற்கே கூடுதல் காசு.

விலையைவிட எனக்கு வலித்தது, ஸெனிமேக்ஸோடு மைக்ரோசாஃப்ட் கைக்கு வந்த டேங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டூடியோவின் கதை. 2023 ஜனவரியில் அவர்களுடைய ஹை-ஃபை ரஷ் முன்னறிவிப்பே இல்லாமல், அறிவித்த அன்றே கேம் பாஸில் வந்தது. பாட்டின் தாளத்துக்கு அடி விழ வேண்டும். அவ்வளவு உற்சாகமான கேம். அடுத்த வருடம் மே மாதம் அந்த ஸ்டூடியோவையே மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பிறகு கொரிய கேம் நிறுவனமான கிராஃப்டன் எடுத்துக்கொண்டது ஆறுதல். சந்தாவில் ஒரு கேமைக் கொண்டாடினால் அதைச் செய்தவர்கள் பிழைப்பார்கள் என்று நான் இனி நம்பத் தயாரில்லை.

அதனால் மனசுக்குப் பிடித்ததைக் காசு கொடுத்தே வாங்கிவிடுகிறேன், அன்பேக்கிங் உட்பட. பட்டியலில் எனக்கு வேண்டிய இரண்டு மூன்று கேம்கள் சேர்ந்தால் ஒரு மாதம் மட்டும் அல்டிமேட் எடுக்கிறேன்; ஆட்டோ ரினியூவலை அன்றே நிறுத்திவிடுவேன். கம்ப்யூட்டரில் மட்டும் ஆடுகிறவர்களுக்கு பிசி கேம் பாஸ் போதும். அதுவும் 2025 அக்டோபரில் 16.49 ஆனது, ஆனாலும் முதல் நாள் வெளியீடுகள் அதில் உண்டு.