செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ்: உள்ளூர்ச் சீட்டில் ஆடுபவனின் அனுபவம்

டிவியில் ஓப்பன் கோல்ஃப் போட்டியைப் பார்த்துவிட்டு ஆசையோடு வருகிறவர்களுக்கு, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இருக்கும் ஓல்டு கோர்ஸ் மைதானம் முதல் சுற்றில் பெரும்பாலும் ஏமாற்றம்தான். மரம் கிடையாது, குளம் கிடையாது. டீயில் (முதல் அடி அடிக்கும் இடத்தில்) நின்று பார்த்தால் மேடு பள்ளமான புல்வெளி, அவ்வளவுதான். நான் இந்த ஊரிலேயே குடியிருப்பதால், ஊர்க்காரர்களுக்கான ஆண்டுச் சீட்டில் பல வருடங்களாக ஆடி வருகிறேன். மைதானம் பிடிபடவே எனக்கு இரண்டு மூன்று கோடைகள் ஆயின.

இதை யாரும் உட்கார்ந்து வரைபடம் போட்டு உருவாக்கவில்லை. கடல் பின்வாங்கிவிட்டுப்போன மணல் நிலம் இது. விவசாயத்துக்கு உதவாது என்பதால் ஆடு மேய்ந்தது, முயல் வளை தோண்டியது, காற்று மணலை அரித்தது. பங்கர்களில் (மணல் பள்ளங்களில்) பல அப்படி வந்தவை என்பார்கள். இந்தப் புல்வெளியில் ஊர்க்காரர்கள் ஆடும் உரிமையை 1552-லேயே பேராயர் ஹாமில்டன் எழுத்தில் உறுதிசெய்திருக்கிறார். ஆட்டம் 18 குழி (டீயிலிருந்து குழி வரை உள்ள ஒவ்வொரு பகுதியையும் குழி என்றே சொல்வோம்) என்று ஆனதும் இங்கேதான். 22 குழிகளாக ஆடிக்கொண்டிருந்ததில் தூரம் குறைந்த சில குழிகளை 1764-ல் ஒன்றாகச் சேர்த்தார்கள், 18 ஆனது, பிறகு உலகமே அதைப் பிடித்துக்கொண்டது.

முன்பு போகவும் வரவும் ஒரே வழி, ஒரே குழிகள். கூட்டம் பெருகியதும் வழியை அகலப்படுத்தி, ஒரே கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில்) இரண்டு குழி வைத்தார்கள். இன்றும் ஏழு கிரீன்கள் இரட்டைதான். 2-உம் 16-உம், 5-உம் 13-உம் என்று எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும். தவறான பக்கத்தில் பந்து விழுந்தால் நாற்பது ஐம்பது கெஜத்துக்குப் பட்டரால் (பந்தை உருட்டும் மட்டையால்) அடிக்க வேண்டியிருக்கும். வேறு மைதானங்களில் பழகியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஆபத்து எல்லாம் வலப்பக்கம்: போகும்போது முட்புதர், திரும்பும்போது எல்லைச் சுவரும் வேலியும். அதனால் எல்லோரும் இடப்பக்கமாக அடிக்கிறார்கள். இடமும் தாராளமாக இருக்கிறது, பந்தும் தொலையாது. ஆனால் அங்கிருந்து கிரீனைப் பார்த்தால், நேர் குறுக்கே ஒரு பங்கரோ மேடோ உட்கார்ந்திருக்கும். சுவரை ஒட்டித் துணிந்து அடித்தவனுக்குத்தான் பல குழிகளில் கிரீன் திறந்து கிடக்கும். முதல் அடியில் கட்டாத வட்டியை இரண்டாவது அடியில் வசூலிக்கிற மைதானம் இது. இது புரிந்த பிறகு எனக்கு இந்த அகலம் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது.

ஒரு குறையும் உண்டு. 12-வது குழியில் டீயிலிருந்து பார்த்தால் வழி சுத்தமாகத் தெரியும். நடுவில் உள்ள பங்கர்கள் கண்ணிலேயே படாது. காரணம், முன்பு இந்த மைதானத்தை எதிர்த் திசையில், அதாவது 1-வது டீயிலிருந்து 17-வது கிரீனை நோக்கி ஆடுவது வழக்கம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மைதானத்தைப் பராமரித்த ஓல்டு டாம் மோரிஸ் முதல் குழிக்குத் தனி கிரீன் போட்ட பிறகுதான் இன்றைய திசை நிலைத்தது. பங்கர்கள் பழைய திசையைப் பார்த்தபடியே இருக்கின்றன. அந்தக் காலத்து நியாயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் நல்ல அடிக்குக் கிடைக்கும் இந்தத் தண்டனையை நான் இன்னும் ஏற்கவில்லை.

17-வது குழியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஹோட்டல் வளாகத்துக் கொட்டகைக்கு மேலே, பந்து விழும் இடம் கண்ணுக்குத் தெரியாமலே முதல் அடி. குறுகலான கிரீனுக்கு முன்னால் ஆழமான ரோடு பங்கர், பின்னால் தார்ச் சாலை. 1978 ஓப்பனில் ஜப்பான் வீரர் டாமி நகஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்தவர். அவர் பட்டரால் தள்ளிய பந்து சரிந்து பங்கருக்குள் போனது, வெளியே எடுக்க நான்கு அடி, மொத்தம் ஒன்பது. 2022 ஓப்பனில் ஆஸ்திரேலிய வீரர் கேமரன் ஸ்மித் அதே பங்கரைச் சுற்றிப் பட்டராலேயே பந்தை உருட்டி பார் (அந்தக் குழிக்குக் குறித்த அடிகள், இங்கே நான்கு) எடுத்து, கோப்பையையும் வென்றார். நான் ஐந்து எடுத்தால் மகிழ்ச்சி.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) சான்றோடு, இரண்டு நாள் முன்பு நடக்கும் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கலாம். கோடையில் கட்டணம் 300 பவுண்டுக்கு மேல். கேடி (பையைத் தூக்கி வழிசொல்லும் துணையாள்) வைத்துக்கொள்வது கூடுதல் செலவுதான், ஆனால் எங்கே அடிக்கக் கூடாது என்று அவருக்குத்தான் தெரியும். குளிர்காலத்தில் வந்தால் ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிவிட்ட புல்வழியில்) சிறு விரிப்பின் மேல் பந்தை வைத்து அடிக்க வேண்டும். புல்லுக்கு நல்லது, ஆட்டத்துக்குச் சப்பென்றிருக்கும்.

குலுக்கலில் இடம் கிடைக்காதவர்கள் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பெரிய போட்டிகள் இல்லாத ஞாயிறுகளில் ஆட்டம் கிடையாது, மைதானம் ஊருக்குப் பூங்கா. நாயோடும் குழந்தைகளோடும் ஜனங்கள் நடப்பார்கள். 17-வது கிரீன் பக்கம் போய் ரோடு பங்கரை எட்டிப் பாருங்கள், பைசா செலவில்லை.