சோனோட்டிக்கா, ஓப்பன்அரீனாவா, அசால்ட்கியூப்பா?

சோனோட்டிக் என்ற சுடும் விளையாட்டில் எனக்கு முதலில் கைவந்தது தரையைச் சுடும் வித்தைதான். குதித்த மறுகணம் பிளாஸ்டர் என்ற துப்பாக்கியால் காலடியில் சுட்டால் அந்த உந்துதலில் உடல் மாடி உயரத்துக்கு எழும்பும். முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் சுட்டால் முன்னால் பாயும். பிளாஸ்டருக்குக் குண்டு தீர்வதே இல்லை. நமக்குப் படும் அடியும் சொற்பம். ஒரு வாரம் பாட்களோடு, அதாவது கணினியே இயக்கும் எதிராளிகளோடு ஆடி, கூரையில் தலையை முட்டி, பள்ளத்தில் விழுந்து, கடைசியில் எதிரணிக் காவலாளியின் தலைக்கு மேலாகவே பறந்து போய்க் கொடியைத் தூக்கினேன். அன்று இரவு சாப்பாடு ஆறிப் போனது.

காசு கொடுக்காமல் ஆடக்கூடிய, நிரல் திறந்து கிடக்கும் சுடும் விளையாட்டு எது நல்லது என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த மூன்று பெயர்கள்தாம் கிடைக்கும். மூன்றையும் மாதக்கணக்கில் ஆடியவன் என்ற முறையில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணினி தாங்குமானால் சோனோட்டிக். தாங்காவிட்டால் அசால்ட்கியூப். ஓப்பன்அரீனா, பழைய சுடும் விளையாட்டான குவேக் 3-இன் பிரியர்களுக்கு.

குவேக் 3 அரீனாவின் நிரலை, அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 2005 ஆகஸ்டில் ஜிபிஎல் உரிமத்தில், அதாவது யாரும் எடுத்துத் திருத்திப் பகிரலாம் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. ஆனால் கொடுத்தது நிரலை மட்டும். படங்கள், ஒலிகள், மேப்கள் (ஆடுகளங்கள்) எல்லாம் நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தன. வீட்டைக் கொடுத்துவிட்டுக் கதவு, ஜன்னலைக் கழற்றிக்கொண்டு போனதுபோல. அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைக்கக் கிளம்பியதுதான் ஓப்பன்அரீனா. அதே மாதத்தில் முதல் பதிப்பு வந்துவிட்டது. பலர் பல காலம் வரைந்து சேர்த்ததால் அதன் முகம் ஒரு சீராக இல்லை: ஒரு மேப் கச்சிதமாக இருக்கும், அடுத்தது அவசரத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருக்கும். பெண் பாத்திரங்களின் உடை வேறு, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஆட முடியாத அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. ஆனால் தொலைவிலிருந்து உடனே தைக்கும் ரெயில்கன் துப்பாக்கியைக் கையில் எடுத்துவிட்டால் இதெல்லாம் மறந்துபோகும். நூறு உயிர்ப்புள்ளியோடு கவசமின்றி நிற்பவன் ஒரே சூட்டில் காலி. பரவலாக ஆடப்படும் 0.8.8 பதிப்பு 2012-இல் வந்தது; அதன் பிறகு வேலை ஏறக்குறைய நின்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

சோனோட்டிக்கின் பிறப்பு ஒரு கோபத்தில் நிகழ்ந்தது. நெக்ஸுயிஸ் என்றொரு விளையாட்டு இருந்தது. ஏலியன்ட்ராப் என்ற குழு, குவேக் விளையாட்டின் எஞ்சினை (விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரலை) திருத்தி உருவான டார்க்பிளேசஸின் மேல் அதைக் கட்டி, 2005 மே மாதம் வெளியிட்டது. அதுவும் ஜிபிஎல்தான், பலர் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொட்டி வளர்த்தார்கள். 2010-இல் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை, கேம் கன்சோல்களுக்கான மூடிய பதிப்புக்காக இல்ஃபோனிக் என்ற நிறுவனத்துக்குப் போனது. பங்களித்தவர்கள் கொதித்தார்கள். பெயரை விற்கலாம், ஜிபிஎல் நிரலைத் திரும்பப் பிடுங்க முடியாது அல்லவா? அந்த ஆண்டு மார்ச்சிலேயே நிரலைப் பிரதி எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனார்கள். அதுதான் சோனோட்டிக். இல்ஃபோனிக்கின் நெக்ஸுயிஸ் 2012-இல் கிரைஎஞ்சின் 3-இல் பளபளப்பாக வந்தது; பதிப்பித்த டிஹெச்கியூ நிறுவனம் அந்த ஆண்டு டிசம்பரிலேயே திவால் மனு போட்டது. வீட்டை விட்டுப் போனவர்களோ 2023 ஜூனில் 0.8.6 பதிப்பை வெளியிட்டார்கள்.

ஆட்டத்தில் ஓப்பன்அரீனாவுக்கும் சோனோட்டிக்குக்கும் உள்ள வித்தியாசம் கால்களில்தான் இருக்கிறது. ஓப்பன்அரீனாவில் வேகம் கூட்ட, பக்கவாட்டு விசையையும் சுட்டியின் கோணத்தையும் ஒத்திசைத்து ஒவ்வொரு குதிப்புக்கும் தாளம் தவறாமல் விசையைத் தட்ட வேண்டும். சோனோட்டிக்கில் குதிக்கும் விசையை அழுத்திப் பிடித்தாலே துள்ளிக்கொண்டு போகலாம். காற்றில் திரும்பவும் முடிகிறது. ஆயுதங்களிலும் வளம் அதிகம். பெரும்பாலானவற்றுக்கு இரண்டு சூடு: மோர்ட்டார் என்ற ஆயுதத்தின் முதல் வகைக் குண்டு பட்டதும் வெடிக்கும், இரண்டாவது வகை தரையில் உருண்டு காத்திருந்து வெடிக்கும். எலக்ட்ரோ என்ற ஆயுதத்தின் உருண்டைகளைக் கதவோரம் சிதறவிட்டு, துரத்தி வருபவன் நெருங்கியதும் முதன்மைச் சூட்டால் மொத்தமாக வெடிக்கவைக்கும் சுகம் மற்ற இரண்டிலும் இல்லை. குறையும் உண்டு. அமைப்புகள் பக்கத்தைத் திறந்தால் புதியவனுக்கு மலைப்பாகிவிடும்.

அசால்ட்கியூப் வேறு சாதி. 2006-இல் வந்தது, அடிப்படை, வவுட்டர் வான் ஊர்ட்மெர்சன் எழுதிய கியூப் எஞ்சின். ராக்கெட், பிளாஸ்மா எதுவும் கிடையாது. துப்பாக்கி, கத்தி, கையெறி குண்டு, குறுகலான தெரு. சோனோட்டிக்கின் ஜிப் கோப்பு 1 ஜிபி அளவு, ஓப்பன்அரீனா சுமார் 400 எம்பி, இதுவோ 100 எம்பிக்குள் அடங்கிவிடும். 2 ஜிபி நினைவகம் கொண்ட என் பழைய மடிக்கணினியில் சோனோட்டிக் காற்றாடி கதறக் கதற ஓடி, கைகலப்பு வந்த நேரத்தில் படம் படமாகத் தெரிந்தது. அசால்ட்கியூப் அதே கணினியில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஓடியது. நான்கு பேர், ஒரு ரவுட்டர், மதிய இடைவேளை என்றால் இதற்கு இணை இல்லை. விளையாட்டுக்குள்ளேயே நண்பரோடு சேர்ந்து மேப் கட்டலாம் என்பது கூடுதல் சுகம்.

கட்டற்ற மென்பொருள் என்பதில் கறாரானவர்களுக்கு ஒரு சங்கதி. அசால்ட்கியூப்பின் நிரல் திறந்தது, ஆனால் படம், ஒலி எல்லாவற்றுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் அதன் தரவுத் தொகுப்பைக் கட்டற்றவை அல்லாதவற்றின் பிரிவில்தான் வைத்தது. ஓப்பன்அரீனா முழுக்க ஜிபிஎல். எனக்கு இது ஆடும்போது உறுத்தவில்லை, பென்டிரைவில் போட்டுப் பிறருக்குக் கொடுக்கும்போது கொஞ்சம் உறுத்தியது.

இந்தியாவிலிருந்து இணையத்தில் ஆடுபவர்களுக்குப் பெரிய தலைவலி பிங், அதாவது சர்வருக்குச் செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம். சர்வர்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. நான் சுட்ட செய்தி அங்கே போய்ச் சேர்வதற்குள் எதிராளி மூலை திரும்பியிருப்பான். சோனோட்டிக்கில் இந்தத் தாமதத்தைக் கழித்துக் கணக்கிடும் வசதி இயல்பாகவே இயங்குகிறது. ஓப்பன்அரீனாவில் அது சர்வர் நடத்துபவரின் விருப்பம். ஆனால் அந்தச் சலுகை சோனோட்டிக்கின் வோர்டெக்ஸ்போல உடனே தைக்கும் ஆயுதங்களுக்குத்தான் பயன்படும், பறந்து போகும் ராக்கெட்டுக்கு உதவாது. அதனால் தூரத்துச் சர்வரில் நுழைந்தால் ராக்கெட் ஏவும் டிவாஸ்டேட்டரைக் கீழே வைத்துவிட்டு வோர்டெக்ஸைப் பிடிப்பேன். பத்து பேர் சேர்ந்தால் அந்தத் தொல்லையும் வேண்டாம்: யாராவது ஒருவரின் கணினியிலேயே சோனோட்டிக் சர்வரைத் திறந்துகொள்ளலாம். ஜிப்பை விரித்ததும் நேரடியாக ஓடும், நிறுவ வேண்டியதில்லை.