ஏஜென்சி கொடுக்கும் ஃபைலா, பழைய வீட்டுக்காரர் சொல்லா: குழந்தை பார்க்க ஆள் வைக்கும்போது எதை நம்புவது?

பேறுகால விடுப்பு 26 வாரம் என்று 2017-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தில்தான் வந்தது. என் அலுவலகத்திலும் காப்பகம் உண்டு. ஆனால் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் கைக்குழந்தையைத் தினமும் கொண்டுபோய்க் கொண்டுவர எனக்குத் தெம்பில்லை. வீட்டுக்கே ஆள் வைப்பது என்று முடிவு செய்தோம்.

ஆள் தேட இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஏஜென்சி. இன்னொன்று, தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்து, வருகிறவர் ஏற்கெனவே வேலை பார்த்த வீட்டில் நாமே விசாரிப்பது. நான் போனது இரண்டாவது வழியில். அதனால் கீழே இருப்பதை நடுநிலையான அலசல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பணம், நேரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏஜென்சிக்குக் கமிஷன் கொடுக்க வேண்டும், ஆனால் ஆள் சீக்கிரம் கிடைப்பார், பாதியில் நின்றுவிட்டால் மாற்று ஆள் அனுப்புவார்கள். தெரிந்தவர் மூலம் என்றால் கமிஷன் கிடையாது, மாற்று ஆளும் கிடையாது, கிடைக்கிற வரை மாமியாரோ அம்மாவோ வந்து இருக்க வேண்டும்.

ஏஜென்சியின் பலம் என்று சொல்லப்படுவது அவர்கள் நீட்டும் ஃபைல்தான். ஆதார் நகல், புகைப்படம், போலீஸ் வெரிஃபிகேஷன் எல்லாம் அதில் இருக்கும். இவற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆதாரில் இருக்கும் க்யூஆர் குறியீட்டை அதற்கான செயலியில் நாமே ஸ்கேன் செய்து, பெயரும் படமும் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். வயதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைக்க 2006 முதலே தடை இருக்கிறது. போலீஸ் வெரிஃபிகேஷனுக்கும் ஏஜென்சி தேவையில்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலைக்கு வருபவரைச் சரிபார்க்க நாமே கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். ஏஜென்சி காட்டும் சான்றாக இருந்தால் அதில் உள்ள தேதியைப் பாருங்கள், பழையதாக இருக்கலாம்.

ஆனால் அந்தக் காகிதம் சொல்வது, இவர் பேரில் வழக்கு ஏதும் இருக்கிறதா என்பதை மட்டும்தான். பகல் முழுக்கக் குழந்தையை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போனில் மூழ்கியிருப்பது எந்தக் காவல் நிலையத்திலும் பதிவாகாது. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அந்த மாதிரி விஷயங்கள்தான். அதைச் சொல்லக்கூடியவர், அவர் முன்பு வேலை பார்த்த வீட்டுக்காரர் ஒருவரே.

ஏஜென்சியும் பழைய வீட்டுக்காரர்களின் போன் எண்களைத் தரும். நானும் ஒரு ஏஜென்சியில் கேட்டு வாங்கிப் பேசிப் பார்த்தேன். எடுத்தவர் நான் கேட்பதற்கு முன்பே, "தங்கமான பொண்ணு மேடம், கண்ண மூடிட்டு வச்சுக்கலாம்" என்றார். உங்கள் குழந்தைக்கு அப்போது எத்தனை வயது என்றேன். கொஞ்சம் யோசித்து, "சின்னப் பையன்தான்" என்றார். ஏஜென்சிக்காரர் என்னிடம் சொல்லியிருந்தது பெண் குழந்தை என்று. அவர் நிஜமாகவே பழைய வீட்டுக்காரராகவும் இருக்கலாம், ஏஜென்சி குறிப்பில் பிழை இருந்திருக்கலாம். ஆனால் எண்ணை யார் தருகிறார்கள் என்பது முக்கியம் என்று அப்போதுதான் உறைத்தது.

அதனால் எண்ணை நம்பாமல் வீட்டைத் தேடிப் போவது நல்லது. பெரிய அடுக்ககங்களில் இருப்பவர்களுக்கு இது இப்போது சுலபம். வாசலில் வருவோர் போவோரைப் பதிவு செய்யும் மைகேட் போன்ற செயலிகளில் வேலைக்கு வருபவர் எந்தெந்த வீடுகளுக்குப் போகிறார் என்று தெரியும். அதில் இருக்கும் நட்சத்திரங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பாத்திரம் தேய்த்ததற்குக் கொடுத்த ஐந்து நட்சத்திரம் குழந்தை விஷயத்தில் எதற்கு உதவும்? வீட்டு எண் கிடைக்கிறதே, அதுதான் லாபம். மாலையில் போய் மணியடித்துக் கேட்கலாம். ஆனால் இப்போது வேலை பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் மட்டும் அவருக்குத் தெரியாமல் விசாரிக்காதீர்கள். நம் விசாரணையாலேயே அவருடைய வேலை போய்விடக்கூடும்.

முதலில் வேலைக்கு வருகிறவரிடம் நிதானமாகப் பேசிக்கொள்ள வேண்டும். எந்த வீடு, எப்போது சேர்ந்தார், அப்போது குழந்தைக்கு என்ன வயது, ஏன் நின்றார். பிறகு அந்த வீட்டில், நமக்குத் தெரிந்த எதையும் சொல்லாமல் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். "ரெண்டு வருஷம் இருந்தாங்களாமே?" என்று நாமே எடுத்துக் கொடுத்தால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும்.

இன்னொரு சிக்கல் நம் ஊர்த் தாட்சண்யம். இன்னொருவர் பிழைப்பில் நாம் ஏன் மண்ணைப் போட வேண்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆள் எப்படி என்று கேட்டால் "நல்லவங்கதான்" என்று முடித்துவிடுவார்கள். அந்தத் 'தான்' வந்தாலே கொஞ்சம் காத்திருந்து அடுத்ததைக் கேளுங்கள். குணத்தைப் பற்றிக் கேட்காமல் நடந்ததைக் கேட்டால் பேச்சு தானாக வரும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாளில் என்ன செய்தார்? சாப்பிட மறுத்தால்? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் சொன்ன நாளில் திரும்பினாரா? கடைசியில், வாய்ப்பு வந்தால் மறுபடி இவரையே கூப்பிடுவீர்களா?

இப்போது எங்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவைப் பற்றி அவருடைய பழைய வீட்டம்மா சொன்னது: "கொஞ்சம் வாய் ஜாஸ்தி, பக்கத்து வீட்டுக் கதையெல்லாம் வரும். ஆனா பாப்பா கீழ விழுந்தா மறைக்க மாட்டாங்க, அடுத்த நிமிஷம் போன் வந்துடும்." இந்தப் பதிலில் குறையும் இருந்தது, நடந்த சம்பவமும் இருந்தது. நான் அத்தோடு விசாரணையை நிறுத்திக்கொண்டேன். (அந்த அக்காவும் எங்களைப் பற்றி வாட்ச்மேனிடம் விசாரித்திருக்கிறார். சம்பளம் தேதிக்குக் கொடுப்பார்களா, சமையலையும் தலையில் கட்டுவார்களா என்று. நியாயம்தானே.)

பழைய வீட்டுக்காரர் சொல்வதெல்லாம் வேதவாக்கும் இல்லை. முன்பணத் தகராறில் பிரிந்தவர்கள் காரமாகத்தான் பேசுவார்கள். வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவில்லை என்று அவர்கள் சொன்னால், சம்பள பாக்கியில் கழித்தார்கள் என்று இவர் சொல்லக்கூடும். இரண்டு பக்கமும் கேட்காமல் ஒருவரை ஒதுக்கிவிடக் கூடாது.

தெரிந்தவர் வழியில் இருக்கும் பெரிய அழுக்கையும் சொல்லிவிடுகிறேன். "நம்ம ஆளுங்க", "நல்ல குடும்பம்" என்று வரும் சிபாரிசுகளில் பாதி சாதி பற்றியவை. கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று முகவரி சொன்னதும் முகம் சுளிப்பவர்களையும் பார்த்தேன். நகரத்துக்குள் குடிசைகளில் இருந்தவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடங்கள் அவை. பழைய மகாபலிபுரம் சாலையோர அடுக்ககங்களுக்கு வேலைக்கு வரும் பெண்கள் பலரும் அங்கிருந்துதான் வருகிறார்கள். முகவரியை வைத்து ஆளை எடை போடுவதில் ஏஜென்சிகளும் சளைத்தவை இல்லை என்றாலும், தெரிந்தவர்கள் வழியில் இது அன்பான அறிவுரையாக வருவதால் மறுத்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது.

வீட்டோடு தங்குபவர்கள் விஷயத்தில் என் அனுபவம் குறைவு. எங்கள் அக்கா காலையில் வந்து மாலையில் போகிறவர். வெளி மாநிலத்திலிருந்து வந்து தங்குகிறவருக்குப் பழைய வீடு வேறு ஊரில் இருக்கும், நேரில் போக முடியாது, அங்கே நல்ல ஏஜென்சி உதவக்கூடும். பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கும் பயிற்சி பெற்றவரே வேண்டும் என்றால் அப்படித்தான். முதல்முறை வேலைக்கு வருகிறவருக்குப் பழைய வீடே இருக்காது. அவர்களை எப்படி எடை போடுவது என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, நாம் வீட்டில் இருக்கும்போதே சில வாரம் கூட இருந்து பார்ப்பதைத் தவிர.

வேலைக்குத் திரும்ப நாள் நெருங்கிவிட்டது, ஏஜென்சிதான் வழி என்றால் போங்கள். ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: இவர் குழந்தை பார்த்த வீடு ஒன்றுக்கு நாங்கள் நேரில் போய்ப் பேச வேண்டும். அவர்கள் ஏற்பாடு செய்து கொடுத்தால் சரி. "அதெல்லாம் எங்க பொறுப்பு மேடம்" என்று மழுப்பினால் அடுத்த ஏஜென்சியைப் பாருங்கள்.